கூரையைப் பிரித்தும் இறங்காத ஆவி

1268 நவம்பர் 29-ஆம் தேதி, இத்தாலியில் வித்தெர்போ என்ற ஊரில், போப்பாண்டவர் நான்காம் கிளமென்ட் காலமானார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் கூடினார்கள். ஏறக்குறைய 20 பேர். எல்லோரும் படித்தவர்கள், பலர் சட்டத்தில் கரை கண்டவர்கள், தெய்வ பயம் உள்ளவர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். 1006 நாள் கழித்து ஒரு பெயரைச் சொன்னார்கள். அந்தப் பெயருக்குரிய ஆள் அந்த அறையில் இல்லை, அந்த ஊரில் இல்லை, ஐரோப்பாவிலேயே இல்லை. அவர் கர்தினாலும் இல்லை. இன்னும் கிண்டினால், குருப்பட்டம்கூட வாங்காதவர்.

நடுவில் ஊர்க்காரர்கள் கதவைப் பூட்டினார்கள், சாப்பாட்டை நிறுத்தினார்கள், அதற்கும் மசியவில்லை என்றதும் மேலே ஏறிக் கூரையைப் பிரித்தார்கள். பெரிய மனிதர்கள் நாலு பேர் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால் நல்ல முடிவு தானாக வரும் என்று நம்புகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வது அவர்கள் உடம்புக்கு நல்லது.

வித்தெர்போ ரோமுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். போப்பாண்டவர் இருக்க வேண்டிய ஊர் ரோம்தானே, இங்கே அவருக்கு என்ன ஜோலி என்று கேட்கலாம். அந்தக் காலத்து ரோமில் பெரிய குடும்பங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தன. நடுவில் யார் வந்தாலும் சேதாரம்தான். அதனால் 1257-இல் நான்காம் அலெக்சாண்டர் மூட்டை முடிச்சோடு வித்தெர்போவுக்கு வந்து சேர்ந்தார். கிளமென்ட் இன்னும் ஒரு படி மேல். போப் ஆன நாளிலிருந்து சாகும் நாள் வரைக்கும் அவர் ரோமில் காலே வைக்கவில்லை. ரோமாபுரியின் ஆயர் என்ற பட்டம் மட்டும் தலைப்பில் இருந்தது. ஆள் பூர்வாசிரமத்தில் பிரெஞ்சு வக்கீல், இரண்டு பெண்களுக்குத் தகப்பன். மனைவி இறந்த பிறகுதான் சாமியார் ஆனவர்.

போப் இருக்கிற ஊருக்கு யோகம் என்று பொருள். அவரைப் பார்க்க ராஜாக்களின் தூதர்கள் வருவார்கள். வழக்குக்காரர்கள் வருவார்கள். அவர்களுக்கு மனு எழுதித் தருகிறவர்கள், பணம் மாற்றித் தருகிறவர்கள், பின்னாலேயே குதிரைக்காரர்கள், எடுபிடிகள். இவ்வளவு பேரும் எங்கேயாவது தங்க வேண்டும், எதையாவது தின்ன வேண்டும். வித்தெர்போக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, வந்த விருந்தாளி கிளம்பிவிடக் கூடாதே என்று கதீட்ரல் பக்கத்தில் அவருக்கு மாளிகையே எழுப்பினார்கள். ஊர்த் தலைவர்களில் ஒருவரான ரனியேரோ காத்தி முன்னின்று நடத்திய வேலை அது. பெரிய மண்டபம் 1266 வாக்கில் முடிந்தது. அதாவது நம் கதை தொடங்கும்போது கூரைக்கு வயது இரண்டுதான்.

இனி கொஞ்சம் அரசியல். பிரெஞ்சு ராஜா ஒன்பதாம் லூயிக்கு ஒரு தம்பி, ஆஞ்சு சார்லஸ். சிசிலியையும் தெற்கு இத்தாலியையும் ஆண்டுகொண்டிருந்த ஜெர்மன் வம்சத்தைத் துரத்தித் தர வேண்டும் என்று போப்புகளே அவரை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். வந்தார். 1266-இல் ஒரு போர், 1268 ஆகஸ்டில் இன்னொன்று, இரண்டிலும் ஜெயம். அக்டோபர் கடைசியில் அந்த வம்சத்தின் கடைசி வாரிசை, கொன்ராடின் என்ற 16 வயதுப் பையனை, நேப்பிள்ஸில் ஊர் பார்க்கத் தலையை வெட்டினார். சரியாக ஒரு மாதத்தில் போப்பும் போய்ச் சேர்ந்தார். வெற்றிலை பாக்கு வைத்தவர்களுக்கு இப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. அடுத்து வருகிறவர் சார்லஸுக்கு ஆமாம் போடுகிறவரா, கடிவாளம் போடுகிறவரா? கர்தினால்கள் பிரெஞ்சுப் பக்கம், எதிர்ப்பக்கம் என்று இரண்டானார்கள். குடும்பப் பகைகள் சேர்ந்துகொண்டதில் இரண்டு நாலாயிற்று. சார்லஸ் அவசரப்படவே இல்லை. நாற்காலி காலியாக இருக்கும் ஒவ்வொரு நாளும் அவரைத் தட்டிக் கேட்க ஆளில்லாத நாள்.

ஜெயிக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்பது விதி. இந்த விதி பிறந்த கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1159-இல் பெரும்பாலான கர்தினால்கள் மூன்றாம் அலெக்சாண்டரைத் தேர்ந்தெடுத்துச் சிவப்பு அங்கியை அவர் தோளில் போடப் போன நேரத்தில், எதிர் அணியின் ஒக்தாவியன் பாய்ந்து அதைப் பிடுங்கினார். இன்னொருவர் அவர் கையிலிருந்து பிடுங்கினார். மனிதர் அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தார். தன் ஆள் வைத்திருந்த உபரி அங்கியை வாங்கி அவசரத்தில் முன்பின்னாக மாட்டிக்கொண்டு நின்றார், கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று அலெக்சாண்டர் கட்சிக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஜெயித்தவர்கள் எழுதிய கதை, உப்பு புளி கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். எப்படியோ, அதற்குப் பிறகு 18 வருடம் போட்டிப் போப்புகளின் ராஜ்யம். எல்லாம் ஓய்ந்ததும் 1179-இல் அலெக்சாண்டர் சட்டம் போட்டார்: இனிமேல் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால்தான் போப். நல்ல சட்டம். இரண்டு போப் வருவது அப்போதைக்கு நின்றது. ஒரு போப்கூட வராமல் போவதற்கு வழி பிறந்தது.

வித்தெர்போவில் அந்த வழியில்தான் தேர் ஓடாமல் நின்றது. கர்தினால்கள் காலையில் மாளிகைக்கு வருவார்கள், ஓட்டுப் போடுவார்கள், எண்ணுவார்கள், யாருக்கும் போதவில்லை என்று தெரிந்துகொள்வார்கள். பிறகு அவரவர் ஜாகைக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வார்கள். மறுநாளும் அப்படியே. இந்த ஏற்பாட்டில் யாருக்காவது அசௌகரியம் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு ஒருவரும் தென்படவில்லை. அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களில் நாலு பேர் பிற்பாடு போப் ஆனவர்கள்: ஒத்தோபோனோ பியெஸ்கி, ஜொவான்னி ஓர்சினி, சீமோன் த பிரியோன், ஜாக்கோமோ சவேல்லி. இந்த நாலு பேரும் பரிசுத்த ஆவி அடுத்தவர்மேல் இறங்கட்டும் என்று ஒவ்வொரு நாளும் உருகி ஜெபித்திருப்பார்கள் என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

நஷ்டம் ஊருக்கு. போப் இல்லை, ஆகவே மனுக் கொண்டுவருகிற கூட்டம் இல்லை. ஆனால் கர்தினால்களும் அவர்கள் பரிவாரமும் மட்டும் அசையாமல் இருந்தார்கள். பொறுத்துப் பார்த்த ஊரார் ஒரு நாள் எல்லோரையும் மாளிகைக்குள் வைத்து வெளியே பூட்டினார்கள். அதற்கும் பலனில்லை. ரொட்டியும் தண்ணீரும் மட்டும் உள்ளே போகட்டும் என்றார்கள். அதற்கும் பலனில்லை.

கர்தினால்களைப் பூட்டி வைத்தது இது முதல் தடவையும் அல்ல. 1241-இல் ரோமின் செனட்டராக இருந்த மத்தேயோ ரோசோ ஓர்சினி, பத்துப் பேர் சுமாரான ஒரு கூட்டத்தை செப்டிஸோதியம் என்ற பழைய இடிந்த கட்டடத்தில் அடைத்தார். ஓட்டைக் கூரை. காவலுக்கு நின்ற சிப்பாய்கள் அந்தக் கூரையைக் கழிப்பறையாக்கிக்கொண்டார்கள். மழை பெய்தபோது என்னென்ன கலந்து கீழே சொட்டியது என்பதை அப்போதைய கடிதம் ஒன்று நாசூக்கில்லாமல் சொல்கிறது. ஒரு கர்தினால் உள்ளேயே செத்தார். கடைசியில் தேர்ந்தெடுத்த நான்காம் செலஸ்டினும் 17 நாளில் செத்தார். மிச்சம் இருந்தவர்கள் மறுபடி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று ஊரைவிட்டே ஓடினார்கள். அடுத்த போப் வர ஒன்றரை வருடத்துக்கு மேலாயிற்று. அன்றைக்குப் பூட்டின ஓர்சினியின் மகன்தான் இன்றைக்கு வித்தெர்போ அறைக்குள் உட்கார்ந்திருந்த ஜொவான்னி ஓர்சினி. தகப்பன் செய்தது மகனுக்கு என்று ஊரில் சொல்வதை இத்தாலிக்காரர்களும் சொல்வார்களோ என்னமோ.

இனி கூரைக்கு வருவோம். கூரையேறிக் கோழி பிடிக்காத குருக்கள் வானமேறி வைகுண்டம் காட்டுவாரா என்று நாம் கேட்போம். வித்தெர்போவில் கோழியை நிறுத்தியது போதாதென்று கூரையையும் எடுத்துவிட்டார்கள். யோசனை சொன்னவர் உள்ளே இருந்த ஒருவரே என்று கதை: டொலிடோ ஜான் என்கிற கர்தினால். பெயரில் ஸ்பெயின் ஊர் இருந்தாலும் ஆள் இங்கிலாந்துக்காரர். பரிசுத்த ஆவி உள்ளே வர வழியில்லாமல்தான் தவிக்கிறது போலிருக்கிறது, மேலே திறந்து விடுங்கள் என்று அவர் கேலி பேசினாராம். வெளியில் நின்ற ஊர்க்காரர்களுக்கு அதில் கேலி எதுவும் தெரியவில்லை. ஏணியோடு வந்துவிட்டார்கள்.

இது வெறும் வாய்க்கதை இல்லை என்பதற்கு ஒரு காகிதம் சாட்சி. 1270 ஜூன் மாதம் கர்தினால்கள் முத்திரை வைத்து ஊர் அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். விஷயம்: ஓஸ்தியாவின் கர்தினால் ஹென்றிக்கு உடம்பு சரியில்லை, இந்தத் தடவை ஓட்டு உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார், அவரை வெளியே விடவும். இந்த ஹென்றி சாதாரண ஆள் கிடையாது, அந்தக் காலத்துத் திருச்சபைச் சட்டத்துக்கு அவர் வைத்ததுதான் வாக்கு. ஐரோப்பா முழுக்க நீதிமன்றங்களில் அவர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்; அவர் கழிப்பறைக்குப் போவதற்கும் ஊர்த் தலையாரியிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தின் அடியில், எழுதிய இடம் என்று போட வேண்டிய இடத்தில், வித்தெர்போ ஆயரின் கூரையில்லாத மாளிகை என்று போட்டிருக்கிறார்கள். முகவரியிலேயே புகார் வைத்த வக்கீல் மூளையை மெச்சத்தான் வேண்டும்.

திறந்தவெளியில் கர்தினால்கள் கூடாரம் அடித்துக்கொண்டார்கள். கூடாரக் கம்பு நட்ட குழிகள் என்று மண்டபத் தரையில் சில ஓட்டைகளை இன்றைக்கும் காட்டுகிறார்கள். இத்தனை ரகளையிலும் அவர்கள் தங்கள் சௌகரியத்தை ஓரளவு தக்கவைத்துக்கொண்ட விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. முடிவுக்கு வரச் சொன்னால் வர மாட்டார்கள். கூடாரம் அடிப்பதென்றால் ஏகமனதாக அடிப்பார்கள்.

சுற்றுலா வழிகாட்டிகள் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுவார்கள். கூரையைப் பிரித்தார்கள், வெயிலும் மழையும் அடித்தது, உடனே போப் கிடைத்தார், சுபம். தேதியைப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது. கூரையில்லாத மாளிகையிலிருந்து கடிதம் போனது 1270 ஜூனில். போப் கிடைத்தது 1271 செப்டம்பரில். கூரையைப் பிரித்த பிறகும் ஆவி இறங்க ஒரு வருடம் மூன்று மாதம் ஆகியிருக்கிறது. தேர்தல் முடிவதற்குள் மூன்று கர்தினால்கள் இறந்தே போனார்கள். சாவதற்குச் சம்மதம், எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடச் சம்மதம் இல்லை.

அதற்குள் வெளியே உலகம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. சீனாவிலிருந்து வெனிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த போலோ சகோதரர்கள் இருவர், குப்ளாய் கானின் கடிதத்தோடு 1269-இல் பாலஸ்தீனக் கரையில் ஆக்ரே துறைமுகத்தில் இறங்கினார்கள். கானுக்குப் போப்பிடமிருந்து கல்வி கேள்விகளில் சிறந்த 100 பேர் வேண்டும். கடிதத்தை யாரிடம் கொடுப்பது? போப்பே இல்லையே. தெயொபால்தோ விஸ்கோந்தி என்ற திருச்சபை அதிகாரி, புதிய போப் வரட்டும், அதுவரை பொறுங்கள் என்று அனுப்பிவிட்டாராம். மார்க்கோ போலோவின் புத்தகம் சொல்லும் கணக்கு இது. வெனிஸில் இரண்டு வருடம் காத்துப் பார்த்து அலுத்துப்போய் போப் இல்லாமலே கிளம்பினார்கள். அதற்குள் சகோதரர்களில் ஒருவரான நிக்கோலோ போலோவின் மகன் கூட அழைத்துப் போகும் வயதுக்கு, 17-க்கு, வளர்ந்திருந்தான். அந்தப் பையன்தான் மார்க்கோ. பிற்பாடு பாண்டிய நாட்டு முத்துக் குளிப்பையும் தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்தையும், எல்லோரும் அரைகுறையாக உடுத்துவதால் இந்தத் தேசத்தில் தையற்காரனுக்கே வேலை இல்லை என்பதையும் உலகத்துக்கு எழுதிச் சொன்னவர். கர்தினால்கள் சுறுசுறுப்பாக இருந்திருந்தால் சகோதரர்கள் 1269-லேயே திரும்பிப் போயிருப்பார்கள், பையன் வெனிஸிலேயே கடை பார்த்திருப்பான்.

1270 ஆகஸ்டில் ஒன்பதாம் லூயி சிலுவைப் போருக்குப் போன இடத்தில், துனிஸில், நோயில் இறந்தார். அவர் எலும்புகளைச் சுமந்துகொண்டு புது ராஜா மூன்றாம் பிலிப்பும் சித்தப்பா சார்லஸும் 1271 மார்ச்சில் வித்தெர்போவுக்கு வந்தார்கள். போப் எங்கே என்று கேட்டுப் பார்க்கும் உத்தேசம். வந்த இடத்தில் வேறொன்று நடந்தது. அவர்களோடு வந்திருந்த இங்கிலாந்து ராஜாவின் அண்ணன் தம்பி பிள்ளை ஹென்றி, கோயிலில் பூசை கண்டுகொண்டிருந்தார். சார்லஸிடம் வேலை பார்த்த கீ த மோன்போர் தன் சகோதரனோடு உள்ளே புகுந்து, அத்தை மாமன் வழிச் சொந்தம் என்றும் பாராமல், பீடத்தைப் பற்றிக்கொண்டிருந்தவரை வெட்டினார். தகப்பனைக் கொன்றதற்குப் பழி. இரண்டு ராஜாக்கள் ஊரில் இருக்கிறார்கள், கிறிஸ்தவ உலகத்தின் கர்தினால்கள் அத்தனை பேரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள், பட்டப்பகலில் கோயிலுக்குள் கொலை. கொலைகாரன் குதிரை ஏறிப் போய்விட்டான். சாபம் போட வேண்டுமென்றாலும் போப் வேண்டுமே. பிறகு தாந்தே தன் காவியத்தில் கீயை நரகத்துக் கொதிக்கும் ரத்த ஆற்றில் நிற்க வைத்துக் கணக்கைத் தீர்த்தார். கவிஞர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு தேவைப்படாதது எவ்வளவு சௌகரியம்.

இதற்கும் பிறகு ஐந்தரை மாதம். 1271 செப்டம்பர் 1-ஆம் தேதி கர்தினால்கள் ஆறு பேரைப் பொறுக்கி, நீங்கள் யாரைச் சொன்னாலும் எங்களுக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆறு பேரும் அன்றைக்கே பெயரைச் சொல்லிவிட்டார்கள். தெயொபால்தோ விஸ்கோந்தி. ஆம், ஆக்ரேயில் போலோக்களைக் காத்திருக்கச் சொன்ன அதே ஆள். பொறுங்கள் என்று அவர் சொன்னது தனக்காகத்தான் என்று அவருக்கே தெரியாது.

கூட்டத்துக்கு வராதவன் தலையில் வேலையைக் கட்டுவது எல்லாச் சங்கத்திலும் உள்ள வழக்கம். ஆனால் இந்தத் தேர்வில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. உள்ளே இருக்கும் யாரை ஏற்றினாலும் மற்றவர்கள் தோற்றதாக ஆகிவிடும். மூன்று வருடம் பட்டினி கிடந்து, மழையில் நனைந்து, கடைசியில் பக்கத்துக் கூடாரக்காரனிடம் மண்டியிட வேண்டுமா? வெளியூர்க்காரன் என்றால் எல்லோரும் சமமாகத் தோற்றார்கள், யாருக்கும் வருத்தமில்லை. தெயொபால்தோவுக்கு இத்தாலியில் பிறப்பு. பிழைப்பு வடக்கே லியேஜ் மறைமாவட்டத்தில். எந்தக் கோஷ்டியும் அவரைத் தன் ஆள் என்றும் சொல்ல முடியாது, எதிராளி என்றும் சொல்ல முடியாது. அவருக்கு அந்த நாளில் இருந்த ஒரே பகை லியேஜ் ஆயரோடு. ஆயரின் நடத்தை சரியில்லை என்று மோதல். தெயொபால்தோ போப் ஆன பிறகு அந்த ஆயர் பதவியிழந்து வீட்டுக்குப் போனதைத் தற்செயல் என்று யாரும் எழுதவில்லை.

செய்தி கடல் கடந்து போய், அவர் கப்பல் ஏறி வந்து, 1272 பிப்ரவரியில் வித்தெர்போவை அடைந்தார். மார்ச்சில் முதலில் குருப்பட்டம், எட்டு நாளில் போப் முடி. பத்தாம் கிரகோரி என்று பெயர். ஆக்ரேயிலிருந்து கிளம்புமுன்பே போலோக்களைத் திரும்ப அழைத்து, குப்ளாய் கானுக்கு 100 அறிஞர்களுக்குப் பதிலாக இரண்டு சாமியார்களைக் கொடுத்தார். வழியில் படையெடுப்பு என்று கேட்டதும் அந்த இரண்டு பேரும் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள்.

கிரகோரி அந்த மண்டபத்துக்குள் ஒரு இரவுகூட உட்கார்ந்ததில்லை. அதனால்தான் வெளியே நின்று பார்த்த ஊர்க்காரன் கண்ணால் பார்த்தார் என்று நினைக்கிறேன். 1274-இல் லியோன் பொதுச்சங்கத்தில் சட்டம் கொண்டுவந்தார். வித்தெர்போக்காரர்கள் கோபத்தில் செய்ததை அவர் பத்தி பிரித்து எழுதினார், அவ்வளவுதான். போப் இறந்தால் பத்து நாள் காத்திருங்கள். பிறகு எல்லோரும் ஒரே அறை, நடுவில் தடுப்போ திரையோ கூடாது. ஆளுக்கு ஒரு வேலைக்காரன், நோயாளி என்றால் இரண்டு. வெளியாரோடு பேச்சு கூடாது, கடிதம் கூடாது. சாப்பாடு சன்னல் வழியாக. மூன்று நாளில் முடிவு வரவில்லையா, அடுத்த ஐந்து நாளுக்கு மதியம் ஒரு பதார்த்தம், இரவு ஒரு பதார்த்தம். அதற்கும் வரவில்லையா, ரொட்டி, தண்ணீர், திராட்சை ரசம். இதில் வித்தெர்போவில் இல்லாத ஒன்று சேர்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சட்டம் எழுதியவரும் இத்தாலியில் பிறந்தவர். ரசத்தையும் நிறுத்தினால் தன்னை யாரும் மன்னிக்க மாட்டார்கள் என்று தெரிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி: தேர்தல் முடியும்வரை கர்தினால்களுக்குத் திருச்சபை வருமானம் கிடையாது. பட்டினியைவிட இந்த வரிதான் அடிவயிற்றில் விழுந்திருக்கும்.

கர்தினால்கள் கொதித்துப்போனார்கள். ஆயர்களைத் தனித்தனியாகப் பிடித்துத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்த்தார்கள். கிரகோரி அதற்கு முந்திக்கொண்டு, நாடு வாரியாக ஆயர்களைக் கூப்பிட்டு, ஒவ்வொருவரிடமும் முத்திரையோடு சம்மதப் பத்திரம் வாங்கிவிட்டார். சட்டம் நிறைவேறியது. பலனும் தெரிந்தது: 1276 ஜனவரியில் கிரகோரி இறந்ததும் கூடியவர்கள் ஒரே நாளில் ஐந்தாம் இன்னசென்ட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். 1006 நாள் வேலை ஒரு நாளில்.

அவர் ஜூனில் இறந்தார். அடுத்த பூட்டு ரோமில், ஜூலை வெயிலில், காவலுக்குச் சாட்சாத் சார்லஸ். பத்து நாளுக்குள் ஐந்தாம் ஏட்ரியன் வந்தார். இவர் யார் என்றால், வித்தெர்போவில் கூரையில்லாமல் கிடந்த நாலு பேரில் முதல் ஆளான ஒத்தோபோனோ பியெஸ்கி. ஆண்டது ஆறு வாரம்கூட இல்லை. குருப்பட்டம் வாங்கவே நேரம் போதவில்லை. ஆனாலும் பூட்டுச் சட்டத்தை நிறுத்தி வைக்க நேரம் இருந்தது. ஆகஸ்டில் வித்தெர்போவில் இறந்தார். அடுத்து வந்தவர் 21-ஆம் யோவான், அதே வருடத்தின் நாலாவது போப். 20-ஆம் யோவான் என்று ஒருவர் சரித்திரத்தில் இல்லவே இல்லை, எண்ணிக்கையில் பிசகிவிட்டார்கள். ஓட்டு எண்ணுகிறவர்களைப் பற்றி இதற்கு மேல் என்ன சொல்ல? அவரும் அந்த வருடம் உள்ளே பூட்டப்பட்டு ரொட்டி தின்றவர். ஏட்ரியன் நிறுத்தி வைத்த சட்டத்தை இவர் அடியோடு ரத்து செய்தார். ஏட்ரியன் நிறுத்தி வைத்தபோதே வித்தெர்போவில் கலவரம் நடந்திருந்தது. பூட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அந்த ஊருக்குத் தெரியாதா?

யோவான் மருத்துவம் படித்தவர், புத்தகப் பிரியர். நிம்மதியாகப் படிப்பதற்கென்று வித்தெர்போ மாளிகையில் தனக்கு ஒரு அறை புதிதாகக் கட்டிக்கொண்டார். 1277 மே மாதம் அந்த அறையின் கூரை அவர்மேல் இடிந்து விழுந்தது. ஆறு நாள் கிடந்து இறந்தார். இதில் பொருள் தேட வேண்டாம், கொத்தனார் சரியில்லை.

பூட்டு இல்லை, ஆகவே மிஞ்சியிருந்த ஏழு கர்தினால்கள் ஒரு முடிவுக்கு வர ஆறு மாதம் எடுத்துக்கொண்டார்கள். ஏழே பேர். வந்தவர் ஜொவான்னி ஓர்சினி, நாலு பேரில் இரண்டாவது. அவர் இறந்ததும் மறுபடி வித்தெர்போவில் கூட்டம், மறுபடி இழுபறி. ஊர்க்காரர்கள் 1281 தொடக்கத்தில் உள்ளே புகுந்து ஓர்சினி குடும்பத்துக் கர்தினால்கள் இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வழி அடைபட்டிருந்தது திறந்துகொண்டது. நாலு பேரில் மூன்றாவது ஆள், பிரெஞ்சுக்காரர் சீமோன், போப் ஆனார். ஊருக்குக் கிடைத்த பரிசு, பூசையும் சடங்கும் நடத்தக் கூடாது என்ற தடை. இவ்வளவு பாடுபட்டு மாளிகை கட்டி உட்கார வைத்த வித்தெர்போவில் அதற்குப் பிறகு ஒரு போப் தேர்தலும் நடக்கவில்லை.

பூட்டுச் சட்டம் அப்போதும் திரும்பி வரவில்லை. 1292 ஏப்ரலில் நான்காம் நிக்கோலஸ் இறந்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் இரண்டு வருடம் மூன்று மாதம் இழுத்தார்கள். இத்தாலியின் மொரோனே மலையில் குகையில் கிடந்த பியெத்ரோ என்ற கிழத் துறவி, இப்படியே இருந்தால் ஆண்டவன் கோபம் உங்கள்மேல் இறங்கும் என்று எச்சரித்து எழுதிய கடிதம் கூட்டத்தில் பேசப்பட்டது. கர்தினால்கள் கடிதம் எழுதியவரையே போப் ஆக்கிவிட்டார்கள். சங்கத்துக்குப் புகார் எழுதுகிறவர்கள் இந்த ஆபத்தை நினைவில் வைத்திருப்பது நல்லது.

எண்பதை ஒட்டிய வயதில் கழுதைமேல் ஏறி முடிசூட வந்த ஐந்தாம் செலஸ்டினுக்கு நிர்வாகம் சுத்தமாக வரவில்லை. ஒரே பதவியை இரண்டு மூன்று பேருக்குக் கொடுத்தார். அரண்மனைக்குள் மரப்பலகையில் ஒரு சின்னக் குடில் போடச் சொல்லி அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டார். ஆனால் மூளை தெளிவாக இருந்ததென்பதற்கு இரண்டு காரியங்கள் ஆதாரம். செப்டம்பரில், கிரகோரியின் பூட்டுச் சட்டத்தை மறுபடி உயிர்ப்பித்தார். கிரகோரியைப் போலவே இவரும் அந்த அறைக்குள் ஒரு நாளும் உட்காராதவர். டிசம்பர் 13-இல், போப் தானாகவே விலகலாம் என்று உறுதிப்படுத்திவிட்டு, அன்றைக்கே விலகினார். பூட்டோடு நடந்த அடுத்த தேர்தல் பத்தாம் பசலி வேலை எதுவும் இல்லாமல் கிறிஸ்துமஸுக்கு முதல் நாளே முடிந்தது. வந்தவர் எட்டாம் போனிபாஸ், விலகலுக்குச் சட்ட யோசனை சொன்ன கர்தினால்.

போனிபாஸுக்கு ஒரே கவலை: விலகிய கிழவரை எவனாவது தூக்கிக்கொண்டு போய் மறுபடி போப் என்று நிறுத்தினால்? செலஸ்டின் மலைக்கும் காட்டுக்கும் தப்பி ஓடிப் பார்த்தார். பிடித்துக்கொண்டு வந்து பூமோனே கோட்டையில் பூட்டினார்கள். 1296 மே மாதம் அங்கேயே இறந்தார். இரண்டு வருடம் கழித்து, கர்தினால்களைப் பூட்டும் சட்டத்தைப் போனிபாஸ் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் நிரந்தரமாகச் சேர்த்தார். ரொட்டி, தண்ணீர், திராட்சை ரசம் எல்லாம் கிரகோரி எழுதியபடியே.